ஓம்ஸ்க் நகரின் ஏழாம் எண்

வாழ்க்கை வரலாறு எழுதுவோர் 'தொடக்கக் காலம்' என்னும் தொடரை மிக எளிதாகக் கையாள்கின்றனர். பிறந்த ஊர், பெற்றோர், பள்ளி, முதல் வெற்றி ஆகியவற்றை ஓர் இயலுக்குள் அடக்கி, அதன் தலையில் இத்தொடரை எழுதிவிட்டு அடுத்த இயலுக்கு விரைந்துவிடுவர். ஒன்றைத் தொடக்கம் என்று சொல்ல வேண்டுமாயின் அதன்பின் இடையும் கடையும் இருத்தல் வேண்டும். அடுத்த இயல் எழுதப்படாமலே போன ஒரு வாழ்வின் முதல் இயலை என்னவென்று அழைப்பது? அலெக்ஸேய் செரெபானோவ் என்னும் ருஷ்யப் பனி ஹாக்கி வீரரைப் பற்றிப் படித்த நாள் முதலாக இவ்வினா நம்மை விட்டு அகலவில்லை. அவருடைய தொடக்கக் காலமே அவருடைய முழுக் காலமும் ஆயிற்று. 1989 ஜனவரி 15 அன்று பிறந்தவர். 2008 அக்டோபர் 13 அன்று, ஆடிக்கொண்டிருந்த ஆட்டம் முடிவதற்குச் சில நிமிடங்களுக்கு முன் சரிந்து விழுந்து மாண்டார்.

பனிக்கட்டியைக் கரும்புச்சாறு விற்கும் வண்டியிலும் மீன் சந்தையிலுமே கண்டு வளர்ந்த நமக்கு, அதன்மேல் சறுக்கியோடி ஆடும் ஓர் ஆட்டத்தைப் பற்றி எழுத என்ன தகுதி என்று வாசகர் வினவக்கூடும். நியாயமான வினாதான். நம்மை அங்கே இட்டுச் சென்றது விளையாட்டன்று, இலக்கியம். சிறுகதை வரலாறு பற்றிய பாடத்துக்காக, அந்தோன் செகாவ் 1892 முதல் 1899 வரை வாழ்ந்த மெலிகோவோ என்னும் சிற்றூரைப் பற்றித் தேடிக்கொண்டிருந்தோம். மாஸ்கோவுக்குத் தெற்கேயுள்ள அச்சிற்றூருக்கு அண்மையில் லோபாஸ்னியா என்றோர் ஊர் உண்டு. 1954இல் எழுத்தாளரின் நினைவாக அவ்வூருக்குச் 'செகாவ்' என்றே பெயர் சூட்டினர். அந்நகரின் பெயரைத் தொடர்ந்து வந்த செய்திகளுள் ஒன்றுதான் அங்குள்ள பனி அரங்கில் பத்தொன்பது வயது இளைஞர் ஒருவர் இறந்துபோன செய்தி. செகாவ் எழுத்தாளர் மட்டுமல்லர், மருத்துவரும் ஆவார். மருத்துவர் ஒருவரின் பெயரைத் தாங்கிய ஊரில், உரிய நேரத்தில் மருத்துவம் கிட்டாமல் ஓர் இளைஞர் இறந்தார் என்று படித்த பின்னர், பாடக் குறிப்பு ஒருபுறம் கிடக்க, அந்த இளைஞரைப் பின்தொடர்ந்து சென்றோம்.

ருஷ்ய இலக்கியம் வாசிப்போர்க்கு அவர் வாழ்வின் ஊர்கள் அனைத்தும் முன்னமே அறிமுகமானவை. அவர் பிறந்தது சைபீரியாவின் தெற்கே, அல்தாய் நிலப்பகுதியைச் சேர்ந்த ஓசெர்க்கி என்னும் சிற்றூர். 'சிறு ஏரிகள்' என்பது அப்பெயரின் பொருள். எழுத்தாளரும் திரைக்கலைஞருமான வாசிலி சுக்ஷின் பிறந்த மண்ணும் அல்தாய்தான். நகரத்துக்குச் சென்றும் நகரத்தார் ஆகாத, சிற்றூரில் தங்கியும் சிற்றூரில் அடங்காத மனிதரைச் சுக்ஷின் எழுதினார். அத்தகைய ஒரு சிற்றூரிலிருந்துதான் இச்சிறுவரும் புறப்பட்டார். அப்பகுதியின் தலைநகரான பர்னவுலில் ஆட்டம் பயின்று, பிறகு இர்திஷ் ஆற்றங்கரையிலுள்ள ஓம்ஸ்க் நகரத்துக்குச் சென்று, அங்குள்ள அவங்கார்ட் கழகத்தில் சேர்ந்தார். தாஸ்தாயெவ்ஸ்கி 1850 முதல் 1854 வரை கால் விலங்கோடு கடுந்தண்டனை அனுபவித்தது இதே ஓம்ஸ்க்கில்தான். ஓம்ஸ்க் என்றவுடன் நம் நினைவுக்கு வருவது சிறைவேலியாக இருந்தது. அந்நகர மக்களுக்கோ அது முதன்மையாக ஒரு ஹாக்கி அணியின் ஊர்.

சைபீரியக் குளிர்காலம் நீண்டது. குடியிருப்புகளுக்கு இடையே பலகை வேலி அடித்து நீரை ஊற்றிவிட்டால் இரவோடு இரவாக அது உறைந்து ஆடுகளமாகிவிடும். நம் ஊரில் தெருமுனையில் மூன்று குச்சி நட்டால் கிரிக்கெட் மைதானம் ஆவதுபோல, அங்கே நான்கு பலகையும் கொஞ்சம் நீரும் போதும். அங்கிருந்து தொடங்கும் சிறுவர்களுள் மிகச் சிலரே கழகப் பள்ளிகளுக்குச் செல்கின்றனர். அவருள்ளும் மிகச் சிலரே பெரியவர் அணியில் இடம்பெறுகின்றனர். செரெபானோவ் பதினேழு வயதில் அந்த இடத்தை எட்டினார்.

2006–07 பருவத்தில் ருஷ்யாவின் உச்சநிலைப் போட்டியான சூப்பர்லீகில் அவர் 46 ஆட்டங்கள் ஆடி 18 கோல் அடித்தார். மேலும் 11 கோல்களுக்கு உதவினார். எண்கள் தம்மளவில் எதையும் சொல்வதில்லை. ஆனால் இந்தப் பதினெட்டு சொன்னது. 1988–89 பருவத்தில் பாவெல் பூரே என்னும் இளைஞர் மாஸ்கோ ராணுவ அணிக்காகத் தம் முதல் முழுப்பருவத்திலேயே 17 கோல் அடித்திருந்தார். பின்னாளில் வட அமெரிக்க அரங்குகளில் 'ருஷ்ய ராக்கெட்' என்று பெயரெடுத்தவர் அவர். புதியவர் ஒருவரின் அதிகபட்சமாக நின்ற அந்த எண்ணிக்கையைச் செரெபானோவ் ஒன்றால் கடந்தார். பூரே அந்தக் கோல்களை அடித்துக்கொண்டிருந்த அதே குளிர்காலத்தில்தான் செரெபானோவ் பிறந்தார் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். ஒரு குழந்தை பிறந்த பருவத்தில் நாட்டப்பட்ட அளவுகோலை அக்குழந்தையே வளர்ந்து வந்து கடந்தது.

அதே பருவத்தின் இடையில், ஸ்வீடனில் நடந்த இருபது வயதுக்குட்பட்டோர் உலகப் போட்டியில் ருஷ்யா வெள்ளி வென்றது. அப்போட்டியின் சிறந்த தாக்குதல் வீரராகச் செரெபானோவ் தேர்ந்தெடுக்கப்பட்டார். அப்போது அவருக்குப் பதினெட்டு வயதும் நிறையவில்லை. 2007 வசந்தத்தில் பின்லாந்தில் நடந்த பதினெட்டு வயதுக்குட்பட்டோர் போட்டியில் ருஷ்யா தங்கம் வென்றபோதும் அவர் அணியில் இருந்தார். சூப்பர்லீகின் சிறந்த புதிய வீரர் என்ற விருதும் வந்து சேர்ந்தது.

ஹாக்கி உலகில் இத்தகைய இளைஞரைக் குறிக்க 'பிராஸ்பெக்ட்' என்றொரு சொல் வழங்குகிறது. மண்ணுக்கடியில் பொன் கிடைக்கும் என்று நம்பித் தோண்டிப் பார்ப்போரின் தொழிலோடு உறவுடைய சொல் இது. இன்னும் கைக்கு வராத, ஆனால் வரும் என்று நம்பப்படும் செல்வம் என்று பொருள் கொள்ளலாம். பதினேழு வயதினரின் ஓட்டத்தையும் உயரத்தையும் எடையையும் குணத்தையும் குறித்துக்கொள்ள அரங்குதோறும் ஆட்கள் வந்து அமர்கின்றனர். அக்குறிப்புகளின்படி தரவரிசை வெளியாகிறது. வட அமெரிக்கத் தேசிய ஹாக்கி லீகின் தேர்வுப் பிரிவு 2007இல் வெளியிட்ட வரிசையில், ஐரோப்பாவில் ஆடும் களவீரர்களுள் முதலிடம் செரெபானோவுக்குத் தரப்பட்டிருந்தது.

2007 ஜூன் 22 அன்று அமெரிக்காவின் கொலம்பஸ் நகரில் ஆள் தேர்வு நடந்தது. அணிகள் முறைவைத்து ஒவ்வொருவராக இளைஞரைத் தேர்ந்து உரிமை கொள்ளும் நிகழ்ச்சி அது. முதலாவதாக அழைக்கப்பட்டவர் பேட்ரிக் கேன். ஐரோப்பிய வரிசையில் முதல்வரான செரெபானோவின் பெயரோ பதினாறு பெயர்கள் கடந்த பின்னரே வந்தது. நியூயார்க் ரேஞ்சர்ஸ் அணி அவரைப் பதினேழாவதாகத் தேர்ந்தது. இத்தாமதத்துக்கு முதன்மையான காரணம் ஆட்டத்தில் இல்லை. வீரர்களை இடம் மாற்றுவது குறித்து ருஷ்யாவுக்கும் வட அமெரிக்க லீகுக்கும் இடையே அப்போது உடன்பாடு ஏதும் இல்லை. ருஷ்ய இளைஞரைத் தேர்ந்தெடுத்தால் அவர் எப்போது வருவார், வருவாரா என்பது உறுதியில்லை. திறமையின் விலையை அரசியல் குறைத்தது. இருபுறமும் வாதங்கள் நடந்தன. இருபுறமும் பேசப்பட்டது அவருடைய நாளை. அவர் ஓம்ஸ்க்குக்கே திரும்பி ஆடினார். அவ்வாண்டின் கோடையிறுதியில் கனடிய இளையோர் அணியுடன் நடந்த எட்டு ஆட்டத் தொடரில் மோதி விழுந்து தலையில் அடிபட்டார். தேறி மீண்டும் களத்துக்கு வந்தார். 2008 தொடக்கத்தில் செக் நாட்டில் நடந்த இளையோர் உலகப் போட்டியில் வெண்கலம் வென்ற அணியிலும் இருந்தார்.

2008இல் ருஷ்ய ஹாக்கி உருமாறியது. பழைய சூப்பர்லீகின் இடத்தில் கான்டினென்டல் ஹாக்கி லீக் என்ற புதிய அமைப்பு தோன்றியது. அந்தக் கோடையில் செக் நாட்டு மேதை யாரோமிர் யாகிர் நியூயார்க் ரேஞ்சர்ஸ் அணியை விட்டு ஓம்ஸ்க்குக்கு வந்தார். நியூயார்க்குக்குச் செல்லவிருந்த இளைஞரும் நியூயார்க்கிலிருந்து வந்த மூத்தவரும் ஒரே வரிசையில் ஆடலாயினர். ஒருவருக்கு வயது பத்தொன்பது, மற்றவருக்கு முப்பத்தாறு. புதிய லீகின் முதற்பருவம் செப்டம்பரில் தொடங்கியது. 15 ஆட்டங்களில் செரெபானோவ் 8 கோல் அடித்து, 5 கோல்களுக்கு உதவினார்.

இவ்வாட்டத்தின் ஓர் இயல்பை இங்கே விளக்குதல் தகும். பனி ஹாக்கியில் எவரும் நெடுநேரம் தொடர்ந்து களத்தில் நிற்பதில்லை. முக்கால் நிமிடம் அல்லது அதற்குச் சற்று மேல் உயிரைக் கொடுத்து ஓடிவிட்டு, வேலியைத் தாண்டிப் பெஞ்சில் வந்து அமர்வர். அடுத்த வரிசையினர் குதித்து இறங்குவர். அறுபது நிமிட ஆட்டம் முழுதும் இவ்வாறே கழியும். பெருமுயற்சி, சிறு ஓய்வு, மீண்டும் பெருமுயற்சி. இதயத்தைப் பொறுத்தவரை இதைவிடக் கடுமையான வேலை குறைவு. நலமான இதயம் இதற்குப் பழகிக்கொள்கிறது. நலமற்ற இதயம் பழகிக்கொண்டதுபோல் தோன்றுகிறது.

அக்டோபர் 13 அன்று அவங்கார்ட் அணி செகாவ் நகரில், அப்போது அவ்வூரில் இயங்கிவந்த வித்யாஸ் அணியுடன் ஆடியது. மூன்றாம் பகுதியின் இறுதி நிமிடங்கள். யாகிரோடு களத்திலிருந்து திரும்பிய செரெபானோவ் பெஞ்சில் அமர்ந்தார்; யாகிரோடு ஏதோ பேசினார்; சரிந்தார். அரங்கில் நின்றிருக்க வேண்டிய ஆம்புலன்ஸ் அதற்குள் புறப்பட்டுப் போயிருந்தது. அதைத் திரும்ப அழைக்க வேண்டியதாயிற்று. நின்றுபோன இதயத்தை மின்னதிர்வு தந்து இயக்க முயலும் கருவியைக் கொண்டுவந்தபோது அது இயங்கவில்லை. அதன் மின்கலத்தில் ஆற்றல் இல்லை. சக வீரர்கள் பார்த்துக்கொண்டிருந்தனர். மருத்துவமனையில் அவர் இறந்தார்.

பின்னர் நடந்த புலனாய்வின் முடிவை ருஷ்யப் புலனாய்வுக் குழு அவ்வாண்டு டிசம்பரில் அறிவித்தது. அவருடைய இதயத்தசை நோயுற்றிருந்தது, அந்நிலையில் அவர் தொழில்முறை ஆட்டமே ஆடியிருக்கக் கூடாது என்பது அதன் சாரம். ஊக்கமருந்து ஒன்றின் தடயமும் குருதியில் இருந்ததாக அக்குழு கூறியது. இவற்றுள் எது எவ்வளவு காரணம் என்று தீர்ப்புச் சொல்வது நம் வேலையன்று. நம்மைத் தடுமாறச் செய்வது வேறொன்று. பதினேழு வயதிலிருந்து அவரை அளந்தவர் எத்தனை பேர்! இரண்டு கண்டங்களின் அணிகள் அவருடைய வேகத்தை அளந்தன. அவர் எத்தனை கோல் அடிப்பார், எந்த ஆண்டு கடல் கடப்பார் என்று கணித்தன. இவ்வளவு அளவைகளுக்கு நடுவே மார்புக்குள் நோயுற்றிருந்த ஒன்றன்மேல் எவர் பார்வையும் படவில்லை. தமிழ் இலக்கணம் காலத்தை மூன்றாகப் பகுக்கிறது. செரெபானோவைப் பற்றிய பேச்சு முழுவதும் எதிர்காலத்தில் நிகழ்ந்தது. ஒரே இரவில் அது இறந்தகாலத்துக்கு மாறியது. நிகழ்காலத்தில் அவரைப் பார்க்க ஆளில்லாமல் போயிற்று.

இத்துடன் முடிந்திருந்தால் இதை விபத்து என்று கொள்ளலாம். ஆனால் 2009இல் நடந்த ஒன்று நம்மை மேலும் சிந்திக்க வைத்தது. முதற்சுற்றில் தேர்ந்தெடுத்த இளைஞரோடு ஓர் அணி ஒப்பந்தம் செய்ய இயலாமல் போனால், இழப்பை ஈடுசெய்யும் வகையில் பின்னொரு தேர்வில் கூடுதல் இடம் தருவது வட அமெரிக்க லீகின் விதி. அவ்விதியின்படி ரேஞ்சர்ஸ் அணிக்கு 2009 தேர்வில் 47ஆவது இடம் கூடுதலாக வழங்கப்பட்டது. அணியின் மேல் குறை சொல்ல இதில் ஒன்றுமில்லை. விதி உண்டு; விதிப்படி நடந்தது. எனினும் அந்த எண்ணைப் பார்க்கும்தோறும் நம் மனம் கனக்கிறது. ஓர் இளைஞரின் இறப்பு, பதிவேட்டில் கையொப்பமாகாத ஒப்பந்தமாகவும், அதற்கு ஈடாக 47ஆம் எண்ணாகவும் மாறிவிடுகிறது. ஒரு வாழ்வை எதிர்காலத்தின் பெயரால் மட்டும் மதிப்பிட்டால் அது முறிந்தபோது ஈடு கணக்கிடுவது இத்தனை எளிதாகிவிடும் போலும்.

ருஷ்ய ஹாக்கியில் இதற்கு நேர்மாறான கதை ஒன்று உண்டு. அங்குள்ள சிறுவர் அனைவரும் கேட்டு வளரும் கதை. வலேரி கர்லாமோவ் 1948இல் மாஸ்கோவில் பிறந்தவர். தாய், ஸ்பெயினின் உள்நாட்டுப் போரின்போது சோவியத் நாட்டுக்குக் கொண்டுவரப்பட்ட பாஸ்கு இனச் சிறுமியருள் ஒருவர். தந்தை ஆலைத் தொழிலாளி. பதின்மூன்றாம் வயதில் இதயத்தைத் தாக்கிய மூட்டுவாதக் காய்ச்சலால் மருத்துவமனையில் கிடந்தார். ஓடவும் ஆடவும் கூடாது என்று மருத்துவர்கள் தடுத்தனர். தந்தையோ 1962இல் தாய்க்குத் தெரியாமல் மகனை ராணுவ அணியின் ஆடுகளத்துக்கு அழைத்துச் சென்றார். அச்சிறுவர் பின்னாளில் உலகம் போற்றும் வீரரானார். 1972இல் மாண்ட்ரியாலில் கனடாவின் பெருவீரர்களைத் திகைக்க வைத்தார். 1981இல் ஒரு சாலை விபத்தில் மறைந்தார்.

கர்லாமோவின் கதை நம்மையும் கவர்கிறது. தடையை மீறிய மனவுறுதி, மகன்மேல் தந்தை வைத்த நம்பிக்கை ஆகியவை காவியத்தன்மை உடையவை. ஆனால் அக்கதையை நாம் எப்படிச் சொல்கிறோம் என்பதைக் கவனிக்க வேண்டும். மருத்துவர் தடுத்தார், வீரர் வென்றார் என்று சொல்கிறோம். பின்னர் அவர் நலமடைந்துவிட்டதாக மருத்துவரே கண்டறிந்தனர் என்ற பகுதி கதையில் மெலிந்துபோகிறது. அதில் சுவை இல்லை. வீரக்கதைகள் பிழைத்து வந்தோரைப் பற்றியவை. அதே தடைகளை அறியாமலே கடந்து சென்று திரும்பாதோரைப் பற்றிக் கதை பிறப்பதில்லை. செரெபானோவ் தடையை மீறியவர் அல்லர். அவருக்குத் தடை விதிக்கப்படவே இல்லை. கர்லாமோவுக்கு ஒரு மருத்துவர் 'வேண்டாம்' என்றார். அச்சொல் அன்று ஓர் இடையூறாகத் தெரிந்தது. அச்சொல்லைச் சொல்ல ஒருவர் இருந்ததே அச்சிறுவர் பெற்ற பேறு என்பது செரெபானோவின் கதையை அறிந்த பின்னரே நமக்கு விளங்குகிறது.

நாம் ஏறத்தாழ இருபது ஆண்டுகளாகப் பதினேழு முதல் இருபது வயது வரையுள்ளோருடன் பழகிவருகிறோம். செரெபானோவ் இறந்த ஆண்டில் நம் வகுப்பில் அமர்ந்திருந்தோர் ஏறக்குறைய அவர் வயதினர். இன்று அவர்களுக்கு முப்பத்தைந்து வயது கடந்துவிட்டது, சிலர் தம் பிள்ளைகளைப் பள்ளிக்கு அழைத்துச் செல்லும் வழியில் நின்று, "ஐயா, நலமா?" என்று கேட்கின்றனர். ஆசிரியத் தொழிலின் பேச்சும் பெரிதும் எதிர்காலத்தில் நிகழ்வதே. 'நல்லா வருவான்', 'இவளுக்கு நல்ல எதிர்காலம் இருக்கு' என்பவை ஆசிரியர் அறைகளில் நாள்தோறும் கேட்கும் சொற்கள். அன்பிலிருந்து பிறக்கும் சொற்கள்தாம், ஐயமில்லை. ஆனால் அச்சொற்கள் எதிரில் நிற்கும் உடலைத் தாண்டி எங்கோ பார்க்கின்றன.

சில ஆண்டுகளுக்கு முன், நாம் பார்வையாளராகச் சென்றிருந்த ஒரு கல்லூரி விளையாட்டு விழாவில், நண்பகல் வெயிலில் எண்ணூறு மீட்டர் ஓடிய மாணவன் ஒருவன் எல்லைக்கோட்டுக்கு அப்பால் மயங்கி விழுந்தான். விழாக்குழுவினர் முதலுதவிப் பெட்டியை விரைந்து கொண்டுவந்தனர். பெட்டி பூட்டியிருந்தது. சாவி வைத்திருந்த ஊழியர் மதிய உணவுக்குச் சென்றிருந்தார். நிழலுக்குத் தூக்கிச் சென்று, நீர் தெளித்து, உப்புச் சர்க்கரைக் கரைசல் கொடுத்தபின் அவன் எழுந்து அமர்ந்தான். வெயில் மயக்கம்தான், வேறொன்றுமில்லை. மாலையில் பரிசளிப்பு விழாவும் குறையின்றி நடந்தது. அந்தப் பூட்டைப் பற்றி மேடையில் எவரும் பேசவில்லை. பேச என்ன இருக்கிறது, ஒன்றும் நேரவில்லையே என்பது பொதுவான மனநிலை. ஒன்றும் நேராத நாள்களில் எல்லாப் பூட்டுகளும் எல்லா மின்கலங்களும் ஒன்றுபோலவே தோன்றும். செகாவ் நகரத்து அரங்கிலும் அதற்கு முந்தைய நாள் வரை அக்கருவி ஒரு பெட்டியாகக் குறையின்றி இருந்திருக்கும்.

மெலிகோவோவில் வாழ்ந்த காலத்தில் செகாவ் 1892இல் எழுதி வெளியிட்ட 'ஆறாவது வார்டு' தமிழ் வாசகர்க்குப் புதிதன்று. அதில் வரும் மருத்துவர் ராகின் கொடியவர் அல்லர். மருத்துவமனையின் அழுக்கையும் திருட்டையும் அறிந்தவர். மாற்றினால் மட்டும் என்ன ஆகிவிடும் என்று தமக்குத்தாமே தத்துவம் சொல்லிக்கொண்டு நூலுக்குள் ஒதுங்குகிறார். இறுதியில் அதே வார்டில் அவரும் அடைபட்டு இறக்கிறார். கதையை எழுதிய மருத்துவரோ நேர்மாறானவர். அவ்வாண்டு பரவிய காலரா அச்சத்தின்போது ஊதியம் பெறாமல் சுற்றுவட்டார ஊர்களின் மருத்துவப் பொறுப்பை ஏற்றார், உழவர்க்கு இலவசமாக மருத்துவம் பார்த்தார், பள்ளிக்கூடங்கள் கட்டினார். அவர் செய்தவற்றுள் பல கதையாக எழுதத்தக்கவை அல்ல. மருந்துப் பெட்டியில் மருந்து இருக்கிறதா, பள்ளிக்குக் கூரை இருக்கிறதா என்று பார்க்கும் வேலைகள். அவை ஒவ்வொன்றும் நிகழ்காலத்தில் செய்யப்பட்டவை. செகாவின் பெயரை ஓர் ஊருக்குச் சூட்டுவது எளிது. அவ்வேலையை நாள்தோறும் செய்துவருவது கடினம்.

செரெபானோவின் இறப்புக்குப் பின்னர் மாற்றங்கள் வந்தன. மருத்துவச் சோதனை, அரங்கில் இருக்க வேண்டிய கருவிகள், ஆம்புலன்ஸ் ஆகியவை குறித்து லீகின் விதிகள் இறுக்கப்பட்டன. அவங்கார்ட் அணி அவர் அணிந்த 7ஆம் எண்ணை இனி எவருக்கும் தருவதில்லை என்று விலக்கி வைத்தது. ஒவ்வொரு பருவத்திலும் சிறந்த புதிய வீரருக்கு லீக் வழங்கும் விருதுக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது.

அவ்விருது பற்றி நமக்கு இரு மனம் உண்டு. ஆண்டுதோறும் ஓர் இளைஞர் அதைக் கையேந்திப் பெறுகிறார். அடுத்த ஆண்டு அவர் புதியவர் அல்லர், வேறொருவர் வருகிறார். பெற்றவர் எல்லாரும் தொடக்கத்தைக் கடந்து செல்ல, பெயருக்குரியவர் மட்டும் தொடக்கத்திலேயே நிற்கிறார். கொலம்பஸில் முதலாவதாக அழைக்கப்பட்ட பேட்ரிக் கேன் 2010, 2013, 2015 ஆகிய ஆண்டுகளில் ஸ்டான்லி கோப்பை வென்றார். பெஞ்சில் அருகே அமர்ந்திருந்த யாகிர் ஐம்பது வயதைக் கடந்த பின்னும் தம் சொந்த ஊரான கிளாட்னோவின் அணிக்காகக் களமிறங்கினார். அவர்களுடைய இடையும் கடையும் நமக்குத் தெரியும். செரெபானோவுக்கு 18 கோல்களும், ஒரு பதினேழாவது இடமும், ஒரு விருதின் பெயரும் உண்டு.

நம் மரபில் போரில் மாண்ட வீரர்க்குக் கல் நட்டனர். அதில் பெயரையும் செயலையும் பொறித்தனர். இருப்போர் பாடிய இரங்கற்பாட்டைக் கையறுநிலை என்றனர். செய்வதற்கு இனி ஒன்றுமில்லாத நிலை என்று அதற்குப் பொருள். விலக்கி வைத்த எண்ணும் பெயர் சூட்டிய விருதும் அவ்வகையைச் சேர்ந்தவை; தேவையானவை; துயரத்துக்கு ஒரு வடிவம் வேண்டும். ஆனால் இந்த இறப்பில், செய்வதற்கு ஒன்றுமே இல்லாதிருந்த நிலை கடைசி நிமிடங்களில் வந்ததே தவிர, அதற்கு முந்தைய மாதங்களிலும் ஆண்டுகளிலும் இல்லை. ஆகவே அவருடைய மெய்யான நினைவுச் சின்னம் எது என்று நம்மைக் கேட்டால், விருதைவிட, ஆட்டம் முடிந்து கடைசி வீரர் உடைமாற்றிக் கிளம்பும் வரை அரங்க வாயிலில் நிற்கும் ஆம்புலன்ஸையே சொல்வோம். அதன்மேல் எவர் பெயரும் எழுதப்பட்டிருக்காது. பெரும்பாலான நாள்களில் அது வந்தபடியே வெறுமையாகத் திரும்பிப் போகும். உள்ளிருக்கும் கருவியின் மின்கலத்தை யாரோ ஒருவர் அன்று காலை சோதித்திருப்பார். அவரை யாரும் பாராட்டியிருக்க மாட்டார்கள். அரங்கினுள் பதினெட்டு வயதுப் புதியவர் ஒருவர், முக்கால் நிமிடம் ஓடிவிட்டு வந்து, மூச்சு வாங்கியபடி மூத்தவர் அருகில் அமர்வார்; பிறகு எழுந்து மீண்டும் களத்தில் இறங்குவார்.